5 மீட்டர் ஸ்க்ரம்: ட்ரை லைன் பக்கத்துல ரெஃப்ரி எங்க நிக்கணும்?

சேலம்_விசில்:

வணக்கம். சேலம், ஏற்காடு பக்கம் ரக்பி மேட்ச்சுக்கு விசில் பிடிக்கிறவங்க யாராவது விளக்கினா நல்லா இருக்கும். கேள்வி 5 மீட்டர் ஸ்க்ரம் பத்தி மட்டும்தான்.

நிலவரம் இதுதான்: 15 பேர் ஆட்டம், தாக்குற அணிக்குப் பந்து, ட்ரை லைன்ல (பந்தைத் தரையில வெச்சு ட்ரை போடுற கோடு) இருந்து 5 மீட்டர்ல ஸ்க்ரம் (ரெண்டு அணியிலயும் எட்டெட்டுப் பேர் கோத்துக்கிட்டுத் தள்ளுறது). டச் ஜட்ஜ் (பக்கக் கோட்டுல கொடி பிடிக்கிறவங்க) ரெண்டு பேரும் அந்தந்த அணியே அனுப்பின ஆளுங்க. காதுல மாட்டுற ரேடியோ கிடையாது, திரும்பப் போட்டுப் பார்க்க டிவியும் கிடையாது.

படிச்ச குறிப்பு எல்லாம் ரெண்டு விஷயம் சொல்லுது. பந்து உள்ள போடுற பக்கம் நின்னு டனலை (ரெண்டு முன்வரிசைக்கும் நடுவுல பந்து போற சந்து) பாருங்கறது ஒண்ணு. பந்து கோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நீ கோட்டுல இருக்கணுங்கறது இன்னொண்ணு. ஒரே ஆள் எப்படிங்க ரெண்டு இடத்துல நிக்கிறது? எப்ப நகரணும், எந்த வழியா நகரணும்? தாக்குற அணிக்கு இடது கைப் பக்கம் டச் லைனை ஒட்டி ஸ்க்ரம் அமைஞ்சா, பந்து போடுற பக்கமே குறுகலான பக்கம் ஆயிடுது. அங்க ரெண்டு ஸ்க்ரம் ஹாஃபோட (ஸ்க்ரம்முக்குள்ள பந்து போட்டு எடுக்கிறவங்க) நானும் போய் நின்னா நெரிசல்தான். அப்ப என்ன பண்றது?

மலை மேல நடக்கிறது பெரும்பாலும் பள்ளிப் பசங்க ஆட்டம், 19 வயசுக்கு உட்பட்டவங்க. அவங்களுக்கும் இதே கணக்குதானா?


கோட்டுக்காவல்:

ரெண்டு குறிப்பும் சரிதான். நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு, நடுவில் ஒரு நகர்வு. அந்த நகர்வை எந்த நொடியில் செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் குறி. ஸ்க்ரம்மின் நடுக்கோடு ட்ரை லைனிலிருந்து 5 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குதிகாலால் தரையில் கீறி, இரண்டு ஹூக்கர்களுக்கும் (முன்வரிசையின் நடு ஆள்) காட்டிவிடுங்கள். காட்டாவிட்டால் தாக்கும் அணி அரை மீட்டர் முன்னால் வந்து நிற்கும், தடுக்கும் அணி அரை மீட்டர் பின்னால் தள்ளச் சொல்லும், வாக்குவாதத்திலேயே நேரம் போகும். குறி போட்ட 30 வினாடிக்குள் இரண்டு அணியும் தயாராக இருக்க வேண்டும், தவறினால் ஃப்ரீ கிக். கோட்டருகே மூச்சு வாங்க நேரம் கடத்துவது தடுக்கும் அணியின் பழைய வித்தை.

இனி முதல் இடம். பந்து போடும் பக்கம், நடுக்கோட்டுக்கு நேராக இல்லாமல் தடுக்கும் அணிப் பக்கம் அரை அடி தள்ளி, முன்வரிசைத் தோள்களிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில். பந்து போடும் ஸ்க்ரம் ஹாஃப் தன் தோளை நடுக்கோட்டில் வைத்து, தன் அணிப் பக்கமாக நிற்கலாம். அதனால் நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவருக்கு இடைஞ்சல், இந்தப் பக்கம் நின்றால் டனலும் தெரியும், ட்ரை லைனுக்கு ஒரு எட்டும் மிச்சம். 'க்ரௌச்', 'பைண்ட்', 'செட்' மூன்றையும் இங்கிருந்தே சொல்லுங்கள். 'பைண்ட்' சொன்னதும் பிடிகளைப் பார்க்காமல் 'செட்' சொல்லாதீர்கள்.

பந்து உள்ளே போய் ஹூக்கர் கால் பட்டுப் பின்னால் போனதும் நகருங்கள். நெஞ்சு ஸ்க்ரம்மைப் பார்த்தபடி, பக்கவாட்டு நடையில் மூன்று நான்கு எட்டு. முதுகைக் காட்டித் திரும்பி ஓடக் கூடாது. திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் ஃப்ளாங்கர் (ஸ்க்ரம்மின் ஓரத்து ஆள்) கழன்று வருவான். ஒரு கால் கோட்டின் மேல், ஒரு கால் இன்-கோலுக்குள் (கோட்டுக்குப் பின்னால் ட்ரை போடும் பகுதி) என்று நின்றுவிட்டால் அதுதான் இரண்டாவது இடம். அங்கிருந்து அந்தப் பக்கத்து ஃப்ளாங்கரின் பிடி தெரியும், கோட்டில் நிற்கும் தடுப்பாளர்களின் கால் தெரியும், தாக்கும் நம்பர் 8 (ஸ்க்ரம்மின் கடைசி ஆள்) காலடியில் பந்து இருப்பதும் கால்களுக்கு இடையே தெரியும்.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். ஸ்க்ரம் முன்னேறும்போது முன்வரிசையோடு கூடவே நடந்து போகிறார்கள். பந்து இருப்பது முன்வரிசையில் இல்லை. அது டனலுக்குச் சுமார் 3 மீட்டர் பின்னால், நம்பர் 8 காலடியில் இருக்கிறது. தள்ளியே ட்ரை போட வேண்டுமானால் டனல் கோட்டைத் தாண்டி இன்-கோலுக்குள் போன பிறகுதான் பந்து கோட்டுக்கு வரும். முன்வரிசையோடு நடந்தவர் அப்போது 3 மீட்டர் உள்ளே நின்று, கூட்டத்தின் ஊடாகத் தலையை நீட்டிக்கொண்டிருப்பார். கோட்டிலேயே நின்றவருக்குப் பந்து நேராகக் காலடிக்கே வந்து சேரும். பந்து கோட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் வந்ததும் முழங்காலை மடக்கிக் கோட்டின் நீளவாக்கில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் முதுகுகள் மட்டும்தான் தெரியும்.

பந்து கோட்டைத் தொட்ட நொடியில் ஸ்க்ரம் முடிந்துவிட்டது. ட்ரை லைன் இன்-கோலைச் சேர்ந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பாயலாம், நம்பர் 8 மட்டும் என்று இல்லை, தடுக்கும் அணியும்தான். கோட்டுக்கு ஒரு ஜாண் முன்னால் பந்து இருக்கும்போது ஃப்ளாங்கர் பாய்ந்து கை வைத்தால் அது ஸ்க்ரம்முக்குள் பந்தைக் கையால் தொட்ட குற்றம். ஒரு ஜாண் வித்தியாசத்தில் ஒரு பக்கம் ட்ரை, மறுபக்கம் பெனால்டி. கோட்டில் நிற்கச் சொல்வதன் காரணமே அதுதான்.


மூணாம்_நம்பர்:

கோட்டுக்காவல் சார் சொன்னதுல ஒண்ணு மட்டும் சேர்க்கணும். ஹூக்கர் கால் பட்டதும் கிளம்பிட வேண்டாம். பந்து லாக் (ரெண்டாவது வரிசை ஆள்) காலைத் தாண்டுற வரைக்கும் முதல் இடத்துலயே இருங்க. 5 மீட்டர் ஸ்க்ரம் சரியறது பெரும்பாலும் பந்து உள்ள போனதுக்கும் முதல் தள்ளுக்கும் நடுவுலதான். அந்த நேரத்துல நீங்க கோட்டைப் பார்த்து நடந்துக்கிட்டு இருந்தா யார் இழுத்துப் போட்டாங்கன்னு தெரியவே தெரியாது.

பந்து போடுற பக்கம் உங்க கண்ணுக்கு எதிர்ல இருக்கிற ஜோடி, தாக்குற அணியோட லூஸ்ஹெட்டும் தடுக்கிற அணியோட டைட்ஹெட்டும். முன்வரிசையோட ஓரத்து ஆளுங்க, ஜெர்சியில 1-ம் 3-ம். டைட்ஹெட்டோட வலது கை எதிராளி கைக்கு வெளிப்பக்கமா போய், ஜெர்சியோட முதுகையோ விலாப் பக்கத்தையோ பிடிக்கணும். கையைப் பிடிச்சாலும் காலரைப் பிடிச்சாலும் தப்பு. நீங்க பார்க்க வேண்டியது முழங்கை. முழங்கை தோள் மட்டத்துல இருந்தா தள்ளுறான். முழங்கை தரையைப் பார்த்துத் தொங்குச்சுன்னா கீழ இழுக்கறதுக்கு ரெடி ஆயிட்டான். கோட்டுக்கிட்ட தள்ளு தாங்க முடியாத டைட்ஹெட் செய்யற முதல் வேலை இதுதான்.

லூஸ்ஹெட்டுக்கு இடுப்பைப் பாருங்க. இடுப்பு வெளியில வந்து தலை உள்ள திரும்புச்சுன்னா அவன் நேரா தள்ளலை, குறுக்க குத்துறான். அப்படிக் குத்தினா டைட்ஹெட் மடங்கி விழுவான், வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு டைட்ஹெட் இழுத்துப் போட்ட மாதிரியே தெரியும். நல்லா விளையாடுற டைட்ஹெட் பாவம், அநியாயமா பெனால்டி வாங்குறது இதுல நிறைய. ரெண்டு பேருக்கும் பொது விதி, தோள் இடுப்பை விடக் கீழ போகக் கூடாது. 'செட்'டுக்கு முன்னாடியே தோள் தாழ்ந்திருந்தா எழுந்திரிக்கச் சொல்லிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க.

விழுந்தது வழுக்கலா இழுப்பான்னு பிரிச்சுப் பார்க்கத் தரையைப் பாருங்க. வழுக்கினா ஸ்டட் கீறின தடம் நீளமா இருக்கும், புல்லு பேர்ந்து வந்திருக்கும், பெரும்பாலும் கால் பின்னால போய் நெஞ்சு கீழ வரும். இழுப்புன்னா கால் இருந்த இடத்துலயே இருக்கும், தோள்தான் முதல்ல தரையைத் தொடும். வழுக்கினதுக்கு ரீசெட், அதாவது மறுபடி அமைக்கிறது. தெரிஞ்சே இழுத்தா பெனால்டி. யாராவது முன்வரிசைக்காரன் கழுத்து மேல தூக்கிக்கிட்டு எழும்பிட்டான்னா எதையும் யோசிக்காம உடனே விசில்.

மறுபக்கம் உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை அந்தப் பக்கம் சரிஞ்சா, ரீசெட்டுக்கு நீங்க அந்தப் பக்கம் போய் நின்னு 'க்ரௌச்' சொல்லுங்க. ரெஃப்ரி எந்தப் பக்கம் நிக்கணும்னு விதியில ஒரு கட்டாயமும் இல்லை. நீங்க பக்கம் மாறி நின்னதுமே பாதி இழுப்பு நின்னு போகும்.


சேர்வராயன்_15:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். இடது பக்கக் கோட்டுல போய் நிக்கிறது பந்து தள்ளிப் போடுற ட்ரைக்கு மட்டும்தான் சரி. நம்ம பக்கத்து மேட்ச்ல தள்ளியே ட்ரை போடுற ஸ்க்ரம் எத்தனை இருக்கு? நம்பர் 8 பந்தை எடுத்துக்கிட்டு வலது பக்கம் பாயறதுதான் அதிகம். ரெண்டு ஸ்க்ரம் ஹாஃபும் இடது பக்கம் நிக்கிறாங்க, அதனால வலது பக்கம் ஒரு தடுப்பாளர் கம்மி. அவன் அங்கதான் போவான். அவன் போகும்போது இடது பக்க ரெஃப்ரிக்கும் அவனுக்கும் நடுவுல 16 பேர் முதுகு நிக்குது. கோட்டுல கை வெச்சானா, கோட்டுக்கு முன்னாடியே முழங்கால் பட்டு மாட்டிக்கிட்டானா, ஒண்ணும் தெரியாது.

பந்து உள்ள போனதும் தடுக்கிற அணியோட நம்பர் 8-க்குப் பின்னால, இன்-கோலுக்குள்ள போயிடுங்க. ரெண்டு பக்கமும் தெரியும். கோட்டுல நிக்கிறவங்க கால் எல்லாம் ஒரே பார்வையில தெரியும்.


கோட்டுக்காவல்:

வலது பக்கம் போவதுதான் அதிகம் என்பது உண்மை. ஆனால் நம்பர் 8-க்கு நேர் பின்னால் நிற்பதில் ஆபத்து இருக்கிறது. 5 மீட்டர் ஸ்க்ரம் அமைந்ததும் தடுக்கும் நம்பர் 8 காலுக்கும் ட்ரை லைனுக்கும் இடையே சுமார் 2 மீட்டர்தான் மிஞ்சும். அவர்களில் ஸ்க்ரம்மில் இல்லாதவர்களுக்கு ஆஃப்சைடு கோடு அந்த நிலையில் ட்ரை லைனே. வழக்கமான 5 மீட்டர் பின்னால் என்ற கணக்கு அங்கே கிடையாது. அதனால் எல்லோரும் கோட்டில் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் குறுக்கே ஓட வேண்டிய பாதையில் நீங்கள் நிற்பீர்கள். ஸ்க்ரம் திடீரென்று இரண்டு மீட்டர் பாய்ந்தால் எட்டுப் பேரும் உங்கள் மேல்தான்.

பந்து உங்கள் மேல் பட்டு ஓர் அணிக்கு அதனால் லாபம் என்றால் ஆட்டத்தை நிறுத்தி ஸ்க்ரம் கொடுக்க வேண்டிவரும். கடைசியாகப் பந்து வைத்திருந்த அணிக்கே அது போகும். கோட்டுக்கு ஒரு மீட்டரில் அப்படி விசில் ஊத யாரும் விரும்ப மாட்டார்கள்.

நான் சொல்லும் இடத்திலிருந்தே வலது பக்கத்தையும் சமாளிக்கலாம். இடது கோட்டில் நிற்கிறீர்கள், நம்பர் 8 குனிந்து பந்தில் கை வைக்கிறான். கை வைத்த நொடியிலேயே இன்-கோலுக்குள் 2 மீட்டர் இறங்கி, கோட்டுக்கு இணையாகத் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடுங்கள். அவன் எழுந்து வலது பக்கம் திரும்பி மூன்று எட்டு வைப்பதற்குள் நீங்கள் ஸ்க்ரம்மைத் தாண்டி இருப்பீர்கள். அவன் எந்தத் தோளைத் தாழ்த்துகிறான் என்று முன்கூட்டியே பார்த்தால் அரை நொடி மிச்சம். வலது பக்கம் போகிறவன் பெரும்பாலும் இடது காலை முன்னால் ஊன்றிக்கொண்டுதான் குனிவான்.

ஸ்க்ரம் சுழலும் திசையையும் கணக்கில் எடுங்கள். இரண்டு முன்வரிசையும் அரை ஆள் அளவு இடப்பக்கம் விலகி மாட்டிக்கொள்வதால், சமமாகத் தள்ளினாலும் மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில்தான் திரும்பும். அப்படித் திரும்பினால் தாக்கும் அணியின் இடது முனை கோட்டை நோக்கி வரும், அவர்கள் வால் இடது பக்கம் சாயும், தடுக்கும் அணியின் வால் வலது பக்கம் போய் அந்தப் பாதையை மூடிவிடும். ஆகவே சுழல ஆரம்பித்த ஸ்க்ரம்மில் ஆட்டம் உங்கள் பக்கம்தான் வரும். வழிவிட்டு ஓர் எட்டு இன்-கோலுக்குள் இறங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஆட்டத்தில் 90 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி மறுபடி அமைக்க வேண்டும்.

சேர்வராயன் சொல்லும் இடம் ஒரே சூழ்நிலையில் சரியாகப் பொருந்தும். கேள்வியிலேயே இருக்கும் இடது டச் லைன் ஸ்க்ரம் அது. நடுவில் இருந்து டச் லைனுக்கு 5 மீட்டர்தான். ஸ்க்ரம்மின் பாதி அகலம் போக மிஞ்சும் சந்தில் இரண்டு ஸ்க்ரம் ஹாஃப், ஒரு விங்கர், நீங்கள். அங்கே பந்து உள்ளே போகும் வரை மட்டும் நின்றுவிட்டு, தடுக்கும் நம்பர் 8-க்குப் பின்னால் இன்-கோலில் 3 மீட்டர் தள்ளி, திறந்த பக்கமாக ஓர் எட்டு விலகி நில்லுங்கள். குறுகிய பக்கத்தில் டச் ஜட்ஜைக் கொடிக் கம்பத்தருகே நிற்கச் சொல்லிவிடுங்கள், டச் லைனுக்கும் டச்-இன்-கோலுக்கும் (இன்-கோலின் பக்கக் கோடு) அவர் கண் போதும். அணி கொடுத்த ஆளிடம் ட்ரை ஆனதா என்று கேட்காதீர்கள், தப்பாட்டத்துக்குக் கொடி காட்டவும் அவருக்கு அதிகாரம் இல்லை.


சேலம்_விசில்:

ரொம்ப நன்றிங்க. இடம் இப்பப் புரிஞ்சுது. இன்னும் ரெண்டு சந்தேகம். தள்ளிக்கிட்டுப் போகும்போது தடுக்கிற அணி சரிச்சா எப்ப பெனால்டி ட்ரை, எப்ப வெறும் பெனால்டி? அப்புறம், பந்து போடுறது தடுக்கிற அணின்னா நிக்கிற இடம் மாறுமா?


மூணாம்_நம்பர்:

பெனால்டி ட்ரைக்கு அளவுகோல் ஒண்ணே ஒண்ணு: அந்தத் தப்பு நடக்காம இருந்தா ட்ரை ஆகியிருக்கும்னு நம்பறதுக்கு வலுவான காரணம் இருக்கணும். ஸ்க்ரம் நேரா இருக்கு, நகர்ந்துக்கிட்டே இருக்கு, பந்து நம்பர் 8 கால்ல கட்டுப்பாட்டுல இருக்கு, அப்ப தடுக்கிற அணி இழுத்துப் போட்டா பெனால்டி ட்ரை. நின்ன இடத்துலயே சரிஞ்சா, 5 மீட்டர்ல இருந்து ஒரு அடி கூட நகரலைன்னா, வெறும் பெனால்டி. அதே ஆள் திரும்பத் திரும்ப இழுத்தா கார்டு. பெனால்டி ட்ரை கொடுத்துட்டா 7 பாயிண்ட், கன்வர்ஷன் கிக் கிடையாது, தப்பு பண்ணின ஆளுக்கு மஞ்சளோ சிவப்போ கட்டாயம். கார்டை மறந்துட்டுப் பெனால்டி ட்ரை மட்டும் கொடுக்கிறவங்க இருக்காங்க. அது அரைகுறை முடிவு.

டனல் எங்க ஆரம்பிச்சுது, சரியும்போது எங்க இருந்துச்சுங்கறதை நீங்க தரையில பார்த்து வெச்சிருக்கணும். அதுக்குத்தான் குதிகால் கீறல். கேப்டன் வந்து கேட்டா கீறலைக் காட்டி, ஸ்க்ரம் இங்க இருந்து இவ்வளவு தூரம் வந்துடுச்சுன்னு சொன்னா போதும்.

பெனால்டி வாங்கின தாக்குற அணி மறுபடி ஸ்க்ரம் கேட்கலாம். ஃப்ரீ கிக்னா 2024-க்கு அப்புறம் ஸ்க்ரம் கேட்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாத கேப்டன்கள் இன்னும் இருக்காங்க, முன்னாடியே சொல்லிடுங்க.


கோட்டுக்காவல்:

தடுக்கும் அணி பந்து போடும்போதுதான் பலரும் அசந்து நிற்பார்கள், உதைத்து வெளியே அடிப்பார்கள் அவ்வளவுதானே என்று. கணக்கைப் பாருங்கள். தாக்கும் அணியின் பந்து என்றால் அது கோட்டிலிருந்து சுமார் 8 மீட்டர் தொலைவில், அவர்கள் நம்பர் 8 காலடியில். தடுக்கும் அணியின் பந்து என்றால் அது கோட்டிலிருந்து சுமார் 2 மீட்டரில், இவர்கள் நம்பர் 8 காலடியில். எதிரணி இரண்டே மீட்டர் தள்ளினால் பந்து கோட்டைத் தொட்டுவிடும், ஸ்க்ரம் முடிந்துவிடும், தாக்கும் ஃப்ளாங்கர் பாய்ந்து கை வைத்தால் ட்ரை. அதனால் இங்கே கோட்டுக்கு இன்னும் சீக்கிரமாகப் போக வேண்டும்.

பந்து போடும் பக்கமும் மாறிவிடும், தாக்கும் அணிக்கு வலது பக்கம். முதல் இடம் அதே அரை அடி, தடுக்கும் அணிப் பக்கம். பந்து பின்னால் போனதும் கோட்டுக்கு. ஆனால் இன்-கோலுக்குள் இறங்காதீர்கள், அங்கே ஃப்ளை ஹாஃப் உதைக்க நிற்பார். அவர் உதைக்கும் காலுக்கும் டச் லைனுக்கும் நடுவில் நீங்கள் இருக்கக் கூடாது. பந்து வெளியே வருவதற்கு முன் தாக்கும் ஃப்ளாங்கர்கள் கழன்று ஓடுகிறார்களா என்பதை அங்கிருந்தே பார்க்கலாம். ஸ்க்ரம் முடியும் வரை பிடி விடக் கூடாது, விட்டால் பெனால்டி. பந்து பின்னால் வந்து ஸ்க்ரம் அசையாமல் நின்றால் 'யூஸ் இட்' சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நிமிடங்களில் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. குவியல் விழுந்து பந்து தெரியவில்லை. பந்தை யார் முதலில் தரையில் வைத்தார்கள் என்பது சந்தேகம் என்றால், தாக்கும் அணிக்கு 5 மீட்டர் ஸ்க்ரம். பந்து வைத்திருந்தவனைத் தூக்கிப் பிடித்துத் தரையில் வைக்க விடவில்லை என்றால், 2021-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு தடுக்கும் அணிக்குக் கோல் லைன் ட்ராப் அவுட் (கோட்டிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது). முன்பு இரண்டுக்கும் முடிவு ஒன்றாக இருந்ததால் நின்ற இடம் கொஞ்சம் பிசகினாலும் பெரிய கெடுதல் இல்லை. இப்போது ஒரு முடிவில் பந்து இவர்களுக்கு, இன்னொன்றில் அவர்களுக்கு, அதுவும் உதைத்துத் தள்ளிவிட. கைக்கு அடியில் பந்தைக் காணாமல் 'ஹெல்ட் அப்' என்று சொல்லவே கூடாது. மண்டியிட்டுப் பாருங்கள், யாருக்கும் ஆபத்து இல்லாத வரை விசிலை ஒரு நொடி தாமதியுங்கள்.


சேர்வராயன்_15:

பள்ளிப் பசங்க ஆட்டத்துக்கு வர்றேன், அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை.

19 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல தள்ளக் கூடாது, தள்ளினா ஃப்ரீ கிக். அப்படின்னா 5 மீட்டர் குறியில இருந்து தாக்குற அணி தன் பந்தைத் தள்ளியே ட்ரை போட வழியே இல்லை. டனல் கோட்டுக்கு மூன்றரை மீட்டர்ல வந்ததும் நிறுத்தியாகணும். அதனால கோட்டுக்கு ஓடுற அவசரம் இங்க பாதி குறைஞ்சுடுது. முதல் இடத்துல இன்னும் ரெண்டு நொடி அதிகமா நின்னு கழுத்து, தோள், பிடி எல்லாம் பாருங்க. அந்த வயசுல அதுதான் முக்கியம். பந்தை அடியில வெச்சுக்கிட்டு வேணும்னே எடுக்காம இருக்கவும் கூடாது, அதனால நம்பர் 8 சீக்கிரம் எடுத்துடுவான். எடுத்த உடனே கோட்டுக்காவல் சார் சொன்ன அந்த இன்-கோல் ஓட்டம். சுழற்சியும் 45 டிகிரிதான், 90 இல்லை. பெரியவங்க மேட்ச் பழக்கத்துல 60, 70 டிகிரி வரைக்கும் விட்டுடாதீங்க.

ஆனா மேல சொன்ன 2 மீட்டர் கணக்கை மறக்காதீங்க. தடுக்கிற அணி பந்துன்னா ஒன்றரை மீட்டர் தள்ளு, தடுக்கிற நம்பர் 8-ஓட காலைக் கிட்டத்தட்டக் கோட்டுக்குக் கொண்டு வந்துடும். அங்க கொஞ்சம் உஷார்.

முன்வரிசைக்குப் பழகின பசங்க இல்லைன்னா தள்ளில்லாத ஸ்க்ரம். யாரும் தள்ளக் கூடாது, பந்து போட்ட அணிக்கே பந்து. அப்ப டனல்ல பார்க்க ஒண்ணும் இல்லை. 'செட்' சொன்னதும் நேரா கோட்டுக்குப் போயிடலாம்.

தரையைப் பத்தியும் ஒரு வார்த்தை. கீழ சேலத்துல வெயில் காலத்துல தரை காய்ஞ்சு கெட்டியா இருக்கும், ஸ்டட் இறங்காது. கால் ஊன்ற முடியாம ரெண்டு முன்வரிசையும் சேர்ந்தே சறுக்கும். சுண்ணாம்புப் பொடிக் கோடு ரெண்டாவது பாதியில பாதி அழிஞ்சிருக்கும், அழியறது எப்பவும் ஸ்க்ரம் நடந்த இடத்துலதான். இடைவேளையில கோல் கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் 10 மீட்டராவது கோட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்க. கால்பந்து மைதானத்துல ஆடினா 5 மீட்டர் விட்டு விட்டுப் போடுற கோடு இருக்காது, டச் லைனுக்கு வெளியில ரெண்டு பக்கமும் ஒரு கூம்பு வெச்சுட்டா குறி போட லேசு.

ஏற்காட்டுல ஐப்பசி, கார்த்திகையில மேட்ச் வெச்சா ரெண்டு தொல்லை. ஈரம் இருந்தா மூணாம் நம்பர் அண்ணன் சொன்ன மாதிரி வழுக்கலையும் இழுப்பையும் பிரிச்சுப் பார்க்கணும். ஒரே இடத்துல மூணு ரீசெட் ஆச்சுன்னா அந்த இடம் சேறாயிடும், குறியை ரெண்டு மீட்டர் பக்கவாட்டுல நகர்த்திக்கலாம், கோட்டுக்கு உள்ள தூரம் மட்டும் மாறக் கூடாது. மூடுபனி இறங்கிடுச்சுன்னா எதிர்ப்பக்க டச் ஜட்ஜோட கொடி தெரியாது. ஸ்க்ரம்முக்குத் தொலைவுல இருக்கிறவரை முன்கூட்டியே உள்ள வரச் சொல்லி, கோட்டுப் பக்கம் நிறுத்திக்கங்க. ஒரு கோல் கம்பத்துல இருந்து அடுத்த கோல் கம்பம் தெரியலைன்னா ஆட்டத்தை நிறுத்துறதுதான் சரி, யார் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.


சேலம்_விசில்:

கோல் கம்பத்துக்கு நேர் முன்னாடி ஸ்க்ரம் வந்தா? கோட்டுல நின்னா கம்பத்தோட திண்டு கண்ணை மறைக்குமே.


கோட்டுக்காவல்:

மறைக்கும். அங்கே கோட்டுக்கு மேல் கால் வைத்து நிற்காமல், பந்து போடும் பக்கத்துக் கம்பத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு மீட்டர், கோட்டுக்கு உள்ளே ஒரு மீட்டர் நில்லுங்கள். கம்பத்தைத் தாண்டிச் சாய்வாகப் பார்வை போகும். திண்டின் அடியில் பந்தை அழுத்தினால் ட்ரை என்ற பழைய விதி 2020-இல் போய்விட்டது, பந்து கோட்டிலோ அதற்குப் பின்னால் தரையிலோ பட வேண்டும். திண்டு கோட்டைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், அதன் முன்முனையைக் கோடு என்று எண்ணிக் கை வைக்கிற நம்பர் 8 இன்னும் இருக்கிறார். ட்ரை என்று உறுதியானால் டெட் பால் லைனுக்கு (இன்-கோலின் பின் கோடு) முதுகு காட்டிக் கையை நேராக உயர்த்தி விசில், இல்லை என்றால் கையைத் தூக்காமல் பந்து இருக்கும் இடத்தில் நின்றே முடிவைச் சொல்லிவிடுங்கள்.


மூணாம்_நம்பர்:

செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடுறவங்களுக்கு ஒரு வரி: ஸ்க்ரம் மூணுக்கு மூணு, ரெண்டு நொடியில பந்து வெளியில வந்துடும். அங்க நம்பர் 8 இல்லை, லாக் இல்லை, பந்து டனலுக்கு ஒரு மீட்டர் பின்னாலயே ஸ்க்ரம் ஹாஃப் கைக்கு வந்துடும். மேல சொன்ன 3 மீட்டர் கணக்கு எதுவும் அதுக்குப் பொருந்தாது. டனலைப் பார்த்துட்டு உடனே கோட்டுக்குக் கிளம்பிடுங்க, திறந்த பக்கம் பாஸ் போற பாதையை மட்டும் விட்டு நில்லுங்க.